சுங்கை சிப்புட் கூரைக்குச் சென்னைக் கணக்கு ஒத்துவராது

வீட்டுக் கூரையில் சோலார் போடலாமா என்ற யோசனை வந்ததும் நம்மவர்கள் முதலில் போய் நிற்பது தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளில். விளக்கம் தமிழில் இருக்கிறது, ஆளும் நன்றாகப் பேசுகிறார். ஆனால் அவர் நிற்பது மொட்டை மாடியில். பேனலைத் தெற்குப் பார்த்து வை என்கிறார். அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கோ, தோட்டத்தை விட்டு வந்து டவுன் ஓரத்தில் கட்டிய தகரக் கூரை வீட்டுக்கோ இதில் எதுவும் பொருந்தாது.

திசையை முதலில் பார்ப்போம். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது, சுங்கை சிப்புட் 5 பாகைக்கும் கொஞ்சம் குறைவு. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் நமக்கு வெயில் நேர் உச்சியில் அடிக்கும். இடையில் உள்ள மாதங்களில் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். அதனால் தெற்குக் கூரை, வடக்குக் கூரை என்று இங்கே பெரிய பேதம் இல்லை. கிழக்கா மேற்கா என்றால் கிழக்கு ஒரு படி மேல். காலை வெயில் தெளிவாகக் கிடைக்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேகம் கட்டி இடி இடிக்கும் நாட்களில் மேற்குக் கூரையின் நல்ல நேரம் வீணாகும்.

வெயில் நிறைய இருக்கிறது, ஆனால் அது மேகத்தோடு சேர்ந்த வெயில். 1 கிலோவாட் பேனல் இங்கே நாளுக்குச் சராசரியாக 3.5 யூனிட் தரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல நாளில் நாலரையைத் தொடும். நாள் முழுக்க மழை என்றால் ஒன்றரைக்குப் படுத்துவிடும். விற்க வருபவர் தாளில் நாளுக்கு 5 யூனிட் என்று போட்டிருந்தால், ஆண்டு முழுவதற்குமா என்று கேளுங்கள். பதில் சுற்றிச் சுற்றி வந்தால் அவர் போட்ட மற்றக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது பில். 2025 ஜூலை 1 முதல் மின்சார நிறுவனமான தெனாகாவின் வீட்டுக் கட்டணம் உடைத்துப் போடப்படுகிறது. மாதம் 1,500 யூனிட் வரை மின்சாரத்துக்கு 27.03 காசு, கொள்ளளவுக்கு 4.55 காசு, கம்பி வழிக்கு 12.85 காசு. ஆக யூனிட்டுக்கு 44.43 காசு. 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) சில்லறைக் கட்டணமும், மாதாமாதம் ஏறி இறங்கும் எரிபொருள் சரிக்கட்டலும், 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் வந்து சேரும். இதற்கு நேர் எதிராக, 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குச் சிக்கன ஊக்கக் கழிவு உண்டு. குறைவாக எரிப்பவருக்குத்தான் கழிவு அதிகம்: 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 காசு, 900-ஐத் தொடும்போது வெறும் 1 காசு.

இரண்டு வீட்டை வைத்துப் பார்க்கலாம். இரண்டு பேர், காற்றாடி, ஐஸ்பெட்டி, டிவி, மாதம் 280 யூனிட். 280-ஐ 44.43-ஆல் பெருக்கினால் 124 வெள்ளி 40 காசு, கழிவு யூனிட்டுக்கு 22.5 காசு வீதம் 63 வெள்ளி. கட்டுவது 61 வெள்ளி 40 காசு. இந்த வீட்டுக்குச் சோலார் வேண்டாம். விற்பவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வேண்டாம். 61 வெள்ளி பில்லை முழுசாக அழித்தாலும் போட்ட காசு வெளியே வர ஒரு தலைமுறை ஆகும்.

மூன்று ஏர்கோன் ஓடும் கூட்டுக் குடும்பம், மாதம் 900 யூனிட். வரியும் எரிபொருள் சரிக்கட்டலும் சேர்க்காமலே 400 வெள்ளி. பேச்சு இந்த வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதே வீடு பழைய ஏர்கோனை இன்வெர்ட்டர் வகைக்கு மாற்றி, ரப்பர் தளர்ந்த ஐஸ்பெட்டிக் கதவைச் சரிசெய்து, தண்ணீர் சூடாக்கியின் சுவிட்சை அணைக்கப் பழகி 600-க்கு இறங்கினால் பில் 212 வெள்ளி 58 காசு. சோலார் இல்லாமலே மாதம் 188 வெள்ளி மிச்சம். இதை முடித்துவிட்டுப் பேனல் எண்ணுவதுதான் முறை. எரிப்பைக் குறைக்காத வீட்டில் கணக்குப் போட்டால் தேவைக்கு மேல் மூன்று பேனல் கூரையில் ஏறிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் சோலார் போட்டு மாதம் 10 வெள்ளிதான் கட்டுகிறார் என்று காட்டுவார்கள். அவர் நெம் ரக்யாட் என்ற பழைய வீட்டுச் சோலார் திட்டத்தில் இருந்தால் உண்மையாகத்தான் இருக்கும். அதில் பகலில் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு இரவில் எடுத்த ஒரு யூனிட் ஈடு, பத்து ஆண்டுக்கு. அந்தக் கதவு 2025 ஜூன் 30-ஓடு சாத்தப்பட்டது. 2026 தொடக்கத்திலிருந்து நடப்பது சோலார் அத்தாப் திட்டம். அத்தாப் என்றால் மலாயில் கூரை. பெயரில் கூரை இருக்கிறது, கணக்குதான் வேறு. பேனலிலிருந்து நேராக வீட்டுக்குள் எரிந்த யூனிட் உங்களுக்கு 44.43 காசு மிச்சம். எரியாமல் தெனாகா லைனுக்குப் போன யூனிட்டுக்கு மின்சாரக் கட்டணமான 27.03 காசு மட்டும் வரவு. எடுத்ததை விட அதிகமாகக் கொடுத்திருந்தால் அந்த மிச்சம் அடுத்த மாதத்துக்கு வராது, அந்த மாதத்தோடு சரி.

ஆகவே பகலில் எவ்வளவு எரிக்கிறீர்கள் என்பதுதான் பேனல் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. பில்லில் இந்த எண் இருக்காது. மீட்டரில்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரம், ஞாயிறு உட்பட, காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். காலை 14,302, மாலை 14,312 என்றால் பகல் எரிப்பு 10 யூனிட். மறுநாள் காலை 14,331 என்றால் இரவு 19. பள்ளி விடுமுறையில் எடுத்த வாரம் செல்லாது, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் வேண்டாம், முறுக்கு மாவு அரைப்பதே தனிக் கணக்காகிவிடும்.

பகல் 10 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 550 வாட் பேனல் ஒன்பது, அதாவது 4.95 கிலோவாட், சரியாக வரும். நாளுக்குப் பதினேழு யூனிட், மாதம் ஏறத்தாழ 520. அதில் 300 வீட்டுக்குள் எரிந்து 220 லைனுக்குப் போனால் மாதம் 193 வெள்ளி பக்கம் மிச்சம். விலை 20,000 வெள்ளி என்றால் ஏறக்குறைய எட்டே முக்கால் ஆண்டில் போட்டது வந்துவிடும். அதே ஒன்பது பேனலை, பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்து ராத்திரியில் லைனிலிருந்து மாதம் 250 யூனிட் இழுக்கும் வீட்டில் வையுங்கள். பகலில் 120 யூனிட்தான் வீட்டுக்குள் எரியும். கொடுத்த 400-இல் 250-க்குத்தான் மதிப்பு, மீதி 150 இலவச தானம். மாதம் 121 வெள்ளி, கிட்டத்தட்ட பதினாலு ஆண்டு. பொருள் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

வீட்டில் தையல் கடை, கேக் அடுப்பு, சாப்பாட்டு ஆர்டர் வைத்திருப்பவர்களுக்கும், பகலில் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் சோலார் பொருந்துவது இதனால்தான். மற்றவர்கள் வேலையைப் பகலுக்கு நகர்த்தலாம். துணி இயந்திரத்துக்கு நேரம் வைக்கும் வசதி இருக்கிறது, 11 மணிக்கு ஓடட்டும். ஞாயிறு ராத்திரி வாரம் முழுவதற்கும் தேய்க்கும் துணியை மத்தியானத்தில் தேய்க்கலாம். காலை ஆறு மணிக்குக் குளிக்கும் சுடுதண்ணிக்குப் பேனலால் ஒரு உதவியும் கிடையாது. அப்போது விடிந்தே இருக்காது.

இனிக் கூரை. 550 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ எடை. ஒன்பது பேனலுக்கு 23 சதுர மீட்டர் இடம் வேண்டும், பேனலைத் தாங்கும் தண்டவாளம் சேர்த்து 280 கிலோவுக்குக் குறையாது. தகரத்துக்குக் கீழே இருப்பது பழைய மரச் சட்டம் என்றால், கூரை மேல் ஏறுவதற்கு முன்னால் சீலிங்குக்குள் ஏறுங்கள். ஸ்குரூடிரைவரால் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். மாவு மாதிரி உள்ளே போனால் கரையான் தின்றிருக்கிறது, சட்டம் மாற்றிய பிறகுதான் பேனல். பழைய மலிவு விலை வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் சாம்பல் நிற அஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கும். அதில் துளை போடவே கூடாது. தூள் நெஞ்சுக்குள் போகும், தகடும் விரிசல் விடும். கூரை மாற்றும் செலவை அங்கே சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒழுகல் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்கும்: திருகில். தகரத்துக்கு மேடு உண்டு, பள்ளம் உண்டு. மழைத்தண்ணி ஓடுவது பள்ளத்தில். திருகு மேட்டில்தான் இறங்க வேண்டும், அதுவும் கீழே சட்டம் இருக்கும் இடத்தில். திருகின் தலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். சரியாக முறுக்கினால் ரப்பர் உலோக வட்டின் விளிம்பில் மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். அவசரத்தில் துளைக்கருவியை விடாமல் அழுத்தினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். அன்றைக்கு ஒழுகாது. இரண்டு மூன்று ஆண்டு வெயிலில் வெடித்த பிறகு ஒழுகும், அப்போது போட்டவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். இன்னொன்று, துளை போட்ட இரும்புத் தூளைத் தகரத்தின் மேல் விட்டுவிட்டுப் போனால் ஒரே வாரத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் துரு பிடிக்கும். அந்தப் புள்ளியிலிருந்து தகரமே ஓட்டையாகும். வேலை முடிந்த அன்றே தூரிகையால் கூட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, கேட்டால்தான் செய்வார்கள்.

பேனலுக்கும் தகரத்துக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நடு மத்தியானத்தில் பேனலின் சூடு 60 பாகையைத் தாண்டும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.35 விழுக்காடு குறையும், ஆக பத்தில் ஒரு பங்குக்கு மேல் சூட்டிலேயே போய்விடுகிறது. காற்று புகாமல் ஒட்டிப் போட்டால் இன்னும் போகும்.

நிழலுக்குப் பெரிய மரம் தேவையில்லை. ஆஸ்ட்ரோ டிவி தட்டு ஒன்று போதும். ஒரு வரிசைப் பேனல்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை, ஒன்றின் மேல் விழும் நிழல் வரிசையையே இழுக்கும். தட்டை நகர்த்த ஆகும் காசு, ஒவ்வொரு பேனலுக்கும் தனிச் சாதனம் மாட்டும் காசில் ஒரு துளி. அண்டை வீட்டு ரம்புத்தான் மரம்தான் சிக்கல். இன்று கூரை உயரம், ஐந்து ஆண்டில் கூரைக்கு மேல். வெட்டச் சொல்லிப் பேசுவது சோலார் வாங்குவதை விடக் கஷ்டமான வேலை, அதனால் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவது நல்லது.

தோட்டப்புற டவுன்களில் அதிகம் வந்தும் யாரும் முன்கூட்டிச் சொல்லாத கோளாறு ஒன்று உண்டு. நல்ல வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, பேனலின் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி தானாக நின்றுவிடும், பத்து நிமிடத்தில் மீண்டும் எழும், மறுபடி நிற்கும். காரணம் லைன் வோல்ட்டேஜ். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், மேல் எல்லை 253. டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரமாக, கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டில் மத்தியானம் எரிப்பு குறைவு. ஏற்கெனவே 245-இல் நிற்கும் லைனில் உங்கள் இன்வெர்ட்டர் மின்சாரத்தைத் தள்ள வேண்டுமென்றால் வோல்ட்டேஜை இன்னும் உயர்த்தித்தான் தள்ள முடியும். 253-ஐத் தொட்டதும் பாதுகாப்புக்காக நின்றுவிடும். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று மாற்றினால் புதியதும் அதையேதான் செய்யும்.

இதில் உங்கள் கையில் இருப்பது கேபிள் தடிமன். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் 22 ஆம்பியர் தள்ளும். இன்வெர்ட்டரிலிருந்து பியூஸ் பெட்டி வரை 15 மீட்டர் என்றால், 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 3.6 வோல்ட் ஏறும், 6-இல் 2.4, 10-இல் ஒன்றரைக்கும் குறைவு. எல்லையில் நிற்கும் லைனுக்கு இந்த இரண்டு வோல்ட்தான் வாழ்வா சாவா. வாங்குவதற்கு முன்பே ஒரு ஞாயிறு மத்தியானம் வயர்மேனை அழைத்து வோல்ட்டேஜை அளந்து வையுங்கள். 245-க்கு மேல் இருந்தால் இன்வெர்ட்டரைப் பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, தடித்த கேபிள் கேளுங்கள். அதன் பிறகும் நின்றால் இன்வெர்ட்டரின் கோளாறுப் பட்டியலைத் தேதி, நேரத்தோடு எடுத்துத் தெனாகாவிடம் புகார் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் பக்கம் அவர்கள்தான் சரிசெய்ய முடியும்.

இடி மின்னல் நம் ஊருக்கு விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். இன்வெர்ட்டரின் பேனல் பக்கத்துக்கு ஒன்று, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, ஆக இரண்டு மின்னெழுச்சித் தடுப்பான் கட்டாயம். ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள் என்றால் பாதி வேலை. தடுப்பானில் சின்னக் கண்ணாடி தெரியும். பச்சை நல்லது, சிவந்துவிட்டால் அது உங்களுக்காக அடி வாங்கிச் செத்துவிட்டது, மாற்ற வேண்டும். பெரிய இடிக்குப் பிறகு போய்ப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நிலத்தில் இறக்கும் எர்த் கம்பி 10 ஓமுக்குள் காட்ட வேண்டும். அளப்பதை நேரில் நின்று பாருங்கள். தடுப்பான் எவ்வளவு விலையானாலும் எர்த் சரியில்லை என்றால் மின்னலுக்குப் போக வழி இருக்காது.

பேனல் பக்கத்துக் கம்பியில் ஒன்பது பேனலுக்கு 450 வோல்ட் வரை நேர்மின்சாரம் நிற்கும். வெயில் இருக்கும் வரை அதை அணைக்க முடியாது. இணைப்பான் இரண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரு வேறு கம்பெனி இணைப்பான்களைக் கோத்தால், உள்ளே தொடுமிடம் தளர்ந்து சூடேறி ஒரு நாள் உருகும், தீயும் பிடிக்கும். கம்பி தகரத்தின் மேல் கிடந்து காற்றில் உரசக்கூடாது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலி அதிகம், சுண்ணாம்பு மலைப் பக்கம் குரங்கு. சீலிங்குக்குள் வரும் கம்பிக்கு இரும்புக் குழாய் கேளுங்கள், பிளாஸ்டிக்கை எலி ஒரே வாரத்தில் கொறித்துவிடும். வெளியில் வைக்கும் சுவிட்சுப் பெட்டிக்குக் கம்பி அடியிலிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் மழையும் வரும். ஓட்டையை அடைக்காவிட்டால் பல்லி போய்ப் படுக்கும், சர்க்கியூட்டும் சேர்ந்து படுக்கும்.

கரண்டு போனால் இந்த அமைப்பும் நிற்கும், லைனில் வேலை செய்யும் ஆளுக்கு அடிக்கக்கூடாது என்பதற்காக. கரண்டு போகும்போதும் காற்றாடி ஓட வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கான இன்வெர்ட்டரும் தனிச் செலவு.

தாள் வேலையை ஒப்பந்தக்காரர்தான் செய்வார், ஆனால் அவர் செடா என்ற அரசு எரிசக்தி ஆணையத்தின் பட்டியலில் பதிவான நிறுவனமா என்று நீங்களே பாருங்கள். மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே ஓடும் கணக்கு தோட்டத்து டவுனில் சகஜம், பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். லயத்து வீடு தோட்ட நிறுவனத்துடையது என்றால் பேச்சே இல்லை. வேலை முடிந்ததும் தகுதியுள்ள வயர்மேன் கையெழுத்திட்ட போராங் ஜி (வேலை முடிந்த சான்றுப் பாரம்), போராங் எச் (சோதனைச் சான்றுப் பாரம்) இரண்டின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். இருபக்க மீட்டர் மாற்றும் முன் இன்வெர்ட்டரை ஓட விடாதீர்கள். சில பழைய மீட்டர்கள் வெளியே போவதையும் உள்ளே வந்ததாக எண்ணிவிடும். சும்மா ஓட்டிப் பார்ப்போம் என்று ஒரு மாதம் விட்ட வீட்டுக்குப் பில் ஏறி வரும்.

கழுவுவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சாய்வு 10 பாகைக்குக் குறையாமல் இருந்தால் மழையே பெரும்பாலும் கழுவிவிடும். கீழ் விளிம்பில் மட்டும் சேறு கோடாகப் படியும். கல்லுடைப்பு மலைத் தூசியும் பனியும் சேர்ந்தால் அந்தக் கோடு சிமெண்டு மாதிரி இறுகும், அதை இறுக விடாமல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, விடிகாலையில், வெறும் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் வைத்துத் துடைக்கலாம். சூடேறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது, கார் கழுவும் அழுத்தக் குழாயும் வேண்டாம். புறாவும் மைனாவும் பேனலுக்கு அடியில் கூடு கட்டும். சுற்றிலும் கம்பி வலையை முதல் நாளே அடிக்கச் சொன்னால் மலிவு, கூடு கட்டிய பிறகு என்றால் இரட்டிப்பு வேலை.

பணத்தில் கடைசிப் பத்து விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிவிடுங்கள். மீட்டர் மாறி, முதல் பில்லில் கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் தனித்தனியாக வந்து, ஒரு பெரிய மழையும் பெய்து முடியட்டும். மழை பெய்யும்போதே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சீலிங்குக்குள் ஏறுங்கள். திருகு இறங்கிய ஒவ்வொரு சட்டத்தையும் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் மீதியைக் கொடுக்கலாம்.